தோற்ற வீட்டுக்கு வந்தவள்

மாமனாரைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள் கற்பகவல்லி. "மயிலாவை எனக்குக் குடுங்க சித்தப்பா, எங்க வீட்டுல வெச்சுக்கிறேன்" என்று காரியாபட்டியில் ஜெயபாண்டியிடம் அவள் சொன்ன சொல் வெள்ளிக்கிழமை மாமனார் கண்ணுச்சாமியின் காதுக்குப் போனது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வேறு எந்த நாயாக இருந்தாலும் இத்தனை யோசனை வந்திருக்காது. மயிலா வேறு.

அவள் கிரேஹவுண்ட் சாதி. கண்ணுச்சாமியின் மச்சினன் ஜெயபாண்டி வடக்கே போய்க் குட்டியாகக் கொண்டுவந்து, ஓட்டப் பந்தயத்துக்கென்றே வளர்த்தவள். மழைமேகத்தின் சாம்பல் நிறம். ஒட்டிய வயிறு, அகன்ற நெஞ்சு, குச்சி குச்சியாகக் கால்கள். பொங்கலை ஒட்டிக் கரிசல் காட்டில் நடக்கும் நாய் ஓட்டத்தில், மெஷின் இழுக்கும் பொம்மை முயலுக்குப் பின்னால் தொடர்ந்து மூன்று வருசம் முதலாவதாக வந்தவள் அவள்தான். அந்த மூன்று வருசமும் இரண்டாவதாக வந்தது கண்ணுச்சாமி வளர்த்த சிப்பிப்பாறை நாய் சூரன்.

மூன்றாவது வருசம் கண்ணுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. சொந்த மண்ணு நாயை வளர்க்கத் துப்பில்லாதவன் வடக்கே போய் ஓடுகிற காலை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று மேடைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார். துப்புள்ளவுக நாய் முன்னால் வரவேண்டியதுதானே என்று ஜெயபாண்டி திருப்பிக் கேட்டான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டது முத்துமாரியம்மாள். கண்ணுச்சாமியின் மனைவி, ஜெயபாண்டியின் கூடப் பிறந்த அக்கா. தம்பி மகளின் சடங்குக்குக்கூட அவள் போகவில்லை. அத்தை முறைக்குச் செய்யவேண்டிய சீரை மகனும் கற்பகவல்லியின் புருசனுமான விக்னேஷ்குமார் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சூரன் வயதாகிச் செத்துப்போனான். கண்ணுச்சாமி வேறு நாய் எடுக்கவில்லை. போன தை மாதம் மயிலா ஓட்டத்தின் நடுவில் விழுந்து பின்னங்கால் முறிந்தது. ஜெயபாண்டி முதலில் போன் செய்தது கற்பகவல்லிக்குத்தான். அவள் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். டாக்டரைப் பிடித்துக் கொடுத்ததும், வாரா வாரம் போய்க் கட்டு மாற்றியதும் அவள்தான். எலும்பு கூடிவிட்டது. இனி ஓட முடியாது என்பது மட்டும் உறுதியானது.

அப்படிப்பட்ட மயிலா சனிக்கிழமை காலை, தான் தோற்கடித்த வீட்டுக்கே வந்து இறங்கினாள்.

குட்டியானை வண்டி தெருவுக்குள் திரும்பும் முன்பே கண்ணுச்சாமி மொபெட்டை எடுத்துக்கொண்டு கடலைக் காட்டுக்குப் போய்விட்டார். முத்துமாரியம்மாள் கோழிகளைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கற்பகவல்லி வண்டியில் ஏறி, மயிலாவை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி இறக்கினாள். வாயில் மாட்டியிருந்த கூட்டைக் கழற்றினாள். மயிலா ஓசையில்லாமல் நின்று, புது வீட்டின் வாசனையைப் பிடித்தாள்.

தொழுவத்தில் கட்டலாம் என்றுதான் முத்துமாரியம்மாள் நினைத்திருந்தாள். அந்த வீட்டுக்குள் எந்த நாயும் நுழைந்ததில்லை. சூரன்கூடத் தொழுவத்து நாய்தான். கற்பகவல்லி அதற்குச் சம்மதிக்கவில்லை. இதற்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, ரோமமும் இல்லை, கல்லில் படுத்தால் எலும்பு தோலைக் கிழித்துவிடும், உள்ளேதான் இருக்கவேண்டும் என்றாள். மருமகள் அத்தனை கண்டிப்பாகப் பேசி முத்துமாரியம்மாள் கேட்டதில்லை.

ஆனால் மயிலா உள்ளே வரவில்லை. முன்கூடத்தில் விக்னேஷ்குமார் போன வருசம் போட்ட டைல்ஸ் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு காலை வைத்தாள். கால் வழுக்கிப் பக்கவாட்டில் விலகியது. வெடுக்கென்று பின்வாங்கினாள். இன்னொரு தடவை வைத்தாள். முறிந்து கூடிய கால் நடுங்கியது. மண்தரைக் கொட்டகையில் பிறந்து, மண்ணிலேயே ஓடி, மண்ணிலேயே விழுந்தவள். அவளுக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. தலைக்கு மேல் காத்தாடி சுற்றும் சத்தத்துக்கும் காதை மடக்கினாள்.

கற்பகவல்லி குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முத்துமாரியம்மாள் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது கை நிறையச் சணல் சாக்குகள். வாசலிலிருந்து ஒன்று, அதன் நுனியில் இன்னொன்று என்று கூடத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வரிசையாக விரித்தாள். கடைசிச் சாக்கின் மேல் தன் பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டாள்.

மயிலா சாக்கை மோந்து பார்த்தாள். அதில் கடலை வாசனையும் மண் வாசனையும் இருந்தன. ஒவ்வொரு சாக்காக மிதித்து அடுப்படி வரைக்கும் நடந்து போய், சேலை மேல் சுருண்டு படுத்தாள்.

"தம்பி வீட்டுப் பொண்ணு மாதிரி வருது பாரு, தலையக் குனிஞ்சுக்கிட்டு" என்றாள் முத்துமாரியம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கற்பகவல்லிக்கு நாள் முழுக்க வீட்டில் இருக்க முடியவில்லை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிப்பதாகத் தகவல் வந்தது. என்ன கொடுக்கவேண்டும், எப்போது வெளியே விடவேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் அங்கே கன்றின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அடித்தது.

நாய் செத்துப்போச்சு என்றாள் முத்துமாரியம்மாள். கண் திறந்தபடி இருக்கிறது, கூப்பிட்டால் அசையவில்லை, என் வீட்டுக்கு வந்த அன்றைக்கே இப்படி ஆனால் தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று புலம்பினாள். வயிறு ஏறி இறங்குகிறதா என்று கற்பகவல்லி கேட்டாள். அந்தப் பக்கம் குனிந்து பார்க்கும் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, ஏறி இறங்குது என்று மெதுவாகப் பதில் வந்தது.

"தூங்குது அத்தை. அந்தச் சாதி கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கும். புது எடத்துல இம்புட்டுச் சீக்கிரம் தூங்குதுன்னா, வீடு புடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்."

இந்தக் கடைசி வார்த்தையை முத்துமாரியம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் அன்று மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டாள்.

ஆனால் மத்தியானம்தான் தொல்லை வந்தது. தீபாவளி சீசன் நெருங்குகிற நேரம். ஊருக்கு வெளியே இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் புது ரகத்தைக் கொளுத்திப் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். தொட்டில் பிள்ளையும் தூங்கும். மயிலா துள்ளி எழுந்தாள். அடுத்த வெடிக்குச் சாக்கையெல்லாம் மறந்து டைல்ஸில் சறுக்கிக்கொண்டே ஓடி, பின் அறையில் கடலை மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்துகொண்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது. முத்துமாரியம்மாள் பாலைக் காட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நடுக்கம்தான் கூடியது.

அந்த நேரத்தில் கண்ணுச்சாமி சாப்பிட வந்தார். கூடத்தில் கிடந்த சாக்குகளைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னாள்.

அவர் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. பின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், இடுக்குக்கு முன்னால், நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பயந்த நாயை எதிரே நின்று கூப்பிடக்கூடாது என்பது நாய் வளர்த்தவருக்குத் தெரியும். கடலைக்கு மழை போதவில்லை, இன்னும் ஒரு மழை வேண்டும், மேற்கே இருட்டிக்கொண்டு வந்ததெல்லாம் ஏமாற்றிவிட்டுப் போகிறது என்று சுவரைப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்.

முத்துமாரியம்மாள் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்தாள். வெளியே இன்னொரு வெடி வெடித்தது. கண்ணுச்சாமி பேச்சை நிறுத்தவில்லை. சோறு ஆறியது. குழம்பில் ஆடை படிந்தது.

நெடுநேரத்துக்குப் பிறகு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நீண்ட மூக்கு ஒன்று வெளியே வந்தது. அது கண்ணுச்சாமியின் தோளைத் தொட்டது. பின்னர் மோவாய் முழுவதும் அவர் தோளில் கனத்து இறங்கியது.

அவர் மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோனார். மயிலா இடுக்கை விட்டு வெளியே வந்து பக்கத்தில் நின்றதும், கழுத்து, நெஞ்சு, விலா என்று தடவிக்கொண்டே பின்னங்காலுக்கு வந்தார். முறிந்த இடத்தில் விரல் நின்றது. அங்கே எலும்பு கொஞ்சம் புடைத்திருந்தது. தொடைச் சதையை அழுத்திப் பார்த்தார். இத்தனை மாதம் ஓடாமல் கிடந்தும் அது கயிறு முறுக்கினாற்போல இருந்தது.

"முத்துமாரி" என்று கூப்பிட்டார். "ஓந் தம்பி நல்லாத்தான் வளத்திருக்கான்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருசம் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

சாயங்காலம் பால்பாண்டி வந்தான். பொங்கல் ஓட்டத்தில் மைக்கைப் பிடித்து நாய்களின் பேரைச் சொல்கிறவன் அவன்தான். இளவட்டம் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். மோட்டார் ரிப்பேருக்கு ஆள் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு வந்தான். வந்தது அதற்கில்லை என்பது அவன் கண் போன திசையிலேயே தெரிந்தது.

"என்னண்ணே, மூணு வருசம் முந்த முடியலன்னு ஆளையே வீட்டோட கொண்டாந்துட்டீக போல" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

இதே சிரிப்புத்தான் அன்றைக்கும் கேட்டது. இனி இவர் என்ன செய்வாரோ, நாயை இப்போதே வண்டியில் ஏற்றச் சொல்வாரோ என்று பயந்து முத்துமாரியம்மாள் வாசல்படிக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் மயிலா வந்துவிட்டாள். சாக்கு மேல் நிதானமாக நடந்து வந்து, நாற்காலியில் இருந்த கண்ணுச்சாமியின் முழங்காலில் தன் உடம்பை முழுசாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சாதி நாய்களின் வழக்கம் அது. நம்பிய ஆள்மேல் சாய்ந்து நிற்கும்.

கண்ணுச்சாமி அவள் முதுகில் கை வைத்தார்.

"ஆமா பால்பாண்டி. மூணு பொங்கலுக்கும் என் நாயத் தோக்கடிச்சது இதுதான். நீயே மைக்குல சொன்ன, நானே கேட்டேன். இந்தச் சீமையில இதுக்கு முன்னால ஓடுன நாயி கெடையாது. அது இப்ப என் வீட்டுல இருக்கு. இதவிட எனக்கு என்ன பெருமை வேணும்?"

பால்பாண்டியின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. இதை அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சமாளித்துக்கொண்டு, அப்படியென்றால் வருகிற பொங்கலுக்கு மயிலாவை மாலை போட்டுக் கூட்டிவர வேண்டும், சனங்கள் பார்க்க ஆசைப்படுவார்கள், மேடையில் நிறுத்தலாம் என்றான்.

"வராது. அது ஓடுன வரைக்கும் போதும். இனிமே அது தூங்கும்" என்றார் கண்ணுச்சாமி.

முத்துமாரியம்மாள் மூவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். இளவட்டங்களில் ஒருவன், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். சிரிப்பு இப்போது அவன் முகத்தில் இல்லை. கண்ணுச்சாமி தலையை அசைத்தார். அவன் குனிந்து, ஒரு விரலால் மயிலாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

போகும்போது பால்பாண்டி தெருவில் நின்று திரும்பினான்.

"எதுக்கும் ஆண்டிச்சாமியக் கேட்டுக்கங்கண்ணே. அந்த நாயில பாதி அவனுக்குன்னு பேச்சு. அவன் குட்டி எடுக்க ஆசைப்பட்டுத் தேடிக்கிட்டிருக்கான்."

அவன் போய்விட்டான். ஆண்டிச்சாமி யார் என்று முத்துமாரியம்மாளுக்குத் தெரியாது. கண்ணுச்சாமிக்குத் தெரியும். பந்தய நாய்களை வைத்துக் குட்டி போடவைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறவன். அவன் கொட்டகையில் ஒரு பெட்டை நாய் வருசத்துக்கு இரண்டு தடவை ஈனும். ஈன முடியாமல் போகும்போது அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கற்பகவல்லி கன்றும் பசுவும் பிழைத்த சந்தோஷத்தோடு வீடு திரும்பினாள். தெருமுனையில் ஜெயபாண்டி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக இருக்கிறானோ தெரியவில்லை. வீட்டுக்குள் வாங்க என்று அவள் கூப்பிட்டாள். மச்சான் கூப்பிடாமல் வரமாட்டேன், வாசலில் வைத்து ஒரே ஒரு சேதி சொல்லிவிட்டுப் போகிறேன் என்று அவள் பின்னால் நடந்து வந்தான்.

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியை முத்துமாரியம்மாள் பார்த்தாள். உடம்பு மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவள் பார்வை புருசன்மேல் திரும்பியது.

கண்ணுச்சாமி எழுந்து வெளிக்கதவைத் தானே திறந்தார்.

"உள்ள வா மாப்ளே. ஓம் பொண்ணு காலையில இருந்து இங்கனதான் இருக்கா. பாக்க மாட்டியா?"

மயிலா ஜெயபாண்டியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வால் அவன் முழங்காலில் படபடவென்று அடித்தது. அவன் குனிந்து அவள் காதுக்குள் ஏதோ சொன்னான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஒரு வீடு கூடத்தில் சாக்கு விரித்து ஒரு நாயை நடக்கவிட்டதை அவன் அப்போதுதான் பார்த்தான். இதை யார் செய்தது என்று கேட்டான். கற்பகவல்லி அத்தையைக் காட்டினாள்.

அக்கா தோசை ஊற்றினாள். வயிறு நிறையச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"போன தைக்கு நீங்க வந்திருந்தீக மச்சான். வேலி ஓரமா, துண்டால தலைய மூடிக்கிட்டு நின்னீக. மயிலா விழுந்தப்ப எனக்கு முன்னால ஓடியாந்து அவ தலையத் தூக்கி மடியில வெச்சது நீங்க. நான் கிட்ட வரவும் ஒதுங்கிப் போயிட்டீக."

முத்துமாரியம்மாள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குச் சாத்தூருக்கு விதை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். கண்ணுச்சாமி நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ ஓட்டத்தப் பாக்காம இருக்க முடியல மாப்ளே" என்றார் கடைசியில். "என் வாய் கெட்டுப்போச்சு. என் கண்ணு கெடல."

ஜெயபாண்டி அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். மயிலாவைக் குட்டியாக எடுத்தபோது ஆண்டிச்சாமியும் கூட்டுச் சேர்ந்திருந்தான். ஓடுகிற வரைக்கும் அவன் வாய் திறக்கவில்லை. கால் முறிந்த நாளிலிருந்து, என் பங்குக்குக் குட்டி எடுக்கக் கொடு என்று நச்சரிக்கிறான். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் வயிற்றில் சுமக்கக்கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் என்றாள் கற்பகவல்லி. அதைச் சொல்லியும் அவன் கேட்கவில்லை என்றான் ஜெயபாண்டி. தனி ஆளாக அவனைத் தடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் கற்பகவல்லி நாயைக் கேட்டிருக்கிறாள்.

"வேற யாரு கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். உங்க வீட்டுக்குன்னதும் குடுத்துட்டேன். உங்க கைக்கு வந்த நாய நீங்க எவனுக்கும் விட மாட்டீகன்னு எனக்குத் தெரியும் மச்சான்."

"அப்ப என்னைய முன்னால நிறுத்திட்டு நீ பின்னால நின்னுக்கிட்ட."

"ஆமா" என்றான் ஜெயபாண்டி.

கண்ணுச்சாமிக்குக் கோபம் வரும் என்று கற்பகவல்லி நினைத்தாள். அவர் முகத்தில் வந்தது வேறு. உதட்டை மடித்துக்கொண்டார். மீசை அசைந்தது. தோற்ற இடத்திலேயே தன்னை ஒருவன் பெரிய ஆளாக நினைத்திருக்கிறான் என்பது அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஜெயபாண்டியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் மாறியது. ஆண்டிச்சாமி என்றான். பால்பாண்டி அதற்குள் சேதி சொல்லியிருக்க வேண்டும். எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் மச்சானைப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணுச்சாமி கையை நீட்டினார்.

அவருக்கு முன்னால் இன்னொரு கை வந்தது. புருசனுக்கும் தம்பிக்கும் நடுவில் இத்தனை வருசம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த முத்துமாரியம்மாள், தோசை மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"யாரு, ஆண்டிச்சாமியா? நான் மயிலா வீட்டுல இருந்து பேசுறேன். சொல்லுங்க" என்றாள்.